குணம்: நடுக்குவாதத்தின் இன்னொரு வரலாறு

1

தமிழில் 'குணம்' என்ற சொல் இரண்டு காரியங்களைச் செய்கிறது. ஒருவரது இயல்பு, ஒழுக்கம், நடத்தை எல்லாம் குணம். நோய் தீர்வதும் குணம். 'அவன் குணம் சரியில்லை' என்கிறோம். 'காய்ச்சல் குணமாயிருச்சு' என்றும் சொல்கிறோம். முதலாவதில் தீர்ப்பு இருக்கிறது, இரண்டாவதில் ஆறுதல் இருக்கிறது. இந்த இரண்டு பொருள்களும் முட்டிக்கொள்கிற ஓர் இடத்தில் எங்கள் வீடு ஆறேழு வருஷம் மாட்டிக்கொண்டு கிடந்தது. அங்கிருந்து கிளம்பி ஒரு நோயின் வரலாற்றைப் படித்துப் பார்த்ததில் கிடைத்தவற்றை இங்கே தொகுத்துக்கொள்ள முயல்கிறேன்.

அப்பா வையம்பட்டிப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது ஊர் ஊராகச் சுவரெழுத்து எழுதியவர். சுண்ணாம்பிலும் நீலத்திலும் அவர் எழுதிய எழுத்து ஒவ்வொன்றும் இரண்டடி உயரம் இருக்கும் என்று இன்றைக்கும் சொல்வார்கள். 2014 வாக்கில் அந்த எழுத்து சிறுக்க ஆரம்பித்தது. வங்கிச் செலானில் அவர் போட்ட கையெழுத்து எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி இருந்தது. 2016இல்தான் நோய்க்குப் பெயர் சொன்னார்கள்: பார்க்கின்சன். 'கை நடுக்கம், நடைத் தளர்ச்சி. மாத்திரை ஒழுங்கா போட்டா கட்டுக்குள்ள இருக்கும்.' அவ்வளவுதான் சொல்லப்பட்டது.

ஆனால் கை நடுங்குவதற்கு முன்பே வேறு என்னென்னவோ நடந்திருந்தது. கூட்டங்களுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். பத்திரிகைகள் பிரிக்கப்படாமல் கிடந்தன. ராத்திரியில் தூக்கத்திலேயே கத்துவார், உதைப்பார். அம்மா பயந்துபோய் வேறு அறையில் படுக்க ஆரம்பித்து அதற்குள் நாலு வருஷம் ஆகியிருந்தது. பகலில் திண்ணையில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடி. 'மனுசன் கல்லாட்டம் ஆயிட்டாரு' என்றாள் அம்மா. நான் அதற்கு வேறு விளக்கம் வைத்திருந்தேன். ஒரு தலைமுறையின் அரசியல் தோல்வி அவர் முகத்தில் உறைந்திருப்பதாக நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, ஒரு கட்டுரையாகவும் எழுதினேன். நாலைந்து பேர் பாராட்டினார்கள்.

2019இல் மாத்திரையின் அளவு கூட்டப்பட்டது. கொஞ்ச நாளில் அப்பா எழுந்து நடமாடினார், பேசினார், எங்களுக்கெல்லாம் சந்தோஷம். பிறகு சீட்டாட்டம் ஆரம்பித்தது. முதலில் ஊர்க்காரர்களோடு, அப்புறம் செல்போனில் ரம்மி, அப்புறம் 'மூணு நம்பர்' சீட்டு. லாட்டரியை எதிர்த்துச் சுவரெழுத்து எழுதியவர்! மணப்பாறைச் சந்தையில் கிடேரி விலைபோனது. அம்மாவின் தாலிக்கொடி அடகுக்குப் போனது. முப்பது வருஷம் அவர் வேலை செய்த அமைப்பு விசாரணை வைத்து, 'குணக்கேடு' என்று ஒரு வார்த்தை எழுதி அவரை வெளியேற்றியது. 'வாத்தியாருக்கு வயசான காலத்துல புத்தி கெட்டுப்போச்சு' என்றார் மாமா. நானும் அதைத்தான் நம்பினேன்.

கை நடுங்கினால் நோய், மனசு நடுங்கினால் குணம். இந்தக் கோட்டை யார் போட்டது, எப்போது போட்டது?

2

1817இல் லண்டனில் 66 பக்கமுள்ள ஒரு சிறு நூல் வெளிவந்தது. நடுக்குவாதத்தைப் பற்றியது. எழுதியவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் (1755–1824). லண்டனின் ஓரத்தில் ஹாக்ஸ்டன் என்ற பகுதியில் ஏழைபாழைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர். நம் வாசகர்களுக்கு ஆர்வமூட்டக்கூடிய செய்தி, அவர் ஒரு அரசியல் கலகக்காரர் என்பது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் 'ஓல்ட் ஹியூபர்ட்' என்ற புனைபெயரில் ஆட்சியாளர்களைக் கிண்டலடித்துத் துண்டுப் பிரசுரங்கள் எழுதியவர். சாமானியர்களுக்கு வாக்குரிமை கேட்ட லண்டன் தொடர்புக் கழகத்தின் உறுப்பினர். மூன்றாம் ஜார்ஜ் மன்னரை நஞ்சு தடவிய அம்பால் கொல்லச் சதி நடந்ததாகக் கிளம்பிய வழக்கில் 1794இல் பிரிவி கவுன்சில் முன் நிறுத்தி விசாரிக்கப்பட்டவர்.

அந்த நூல் ஆறு பேரைப் பற்றிப் பேசுகிறது. அவர்களில் இருவரை அவர் தெருவில் சந்தித்து விசாரித்தார். இன்னொருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. அதாவது மருத்துவமனைக்கு வெளியே, நடந்துபோகிற உடலைப் பார்த்தே ஒரு நோய் வரையறுக்கப்பட்டது. குனிந்த முதுகு, தன்னை அறியாமல் ஓடத் தொடங்கும் கால், சும்மா இருக்கும்போது ஆடும் கை. இந்தப் பார்வையின் கூர்மையை வியக்காமல் இருக்க முடியாது. இருநூறு ஆண்டு கழித்தும் அந்த வர்ணனை நிற்கிறது.

ஆனால் நோயை வரையறுக்கும் இடத்தில் அவர் இன்னொன்றையும் சேர்த்தார். புலன்களுக்கும் அறிவுக்கும் இதில் பழுதில்லை என்றார். தெருவில் போகிறவரின் கை ஆடுவது தெரியும். அவர் ராத்திரி எதற்காக அழுகிறார் என்பது தெரியுமா? தூரத்தில் நிற்கும் ஒருவரது மனசைப் பற்றி அத்தனை உறுதியாக எப்படிச் சொல்ல முடிந்தது? நோயின் கடைசிக் கட்டத்தில் சற்றே பிதற்றல் வருவதை அவரே குறித்திருக்கிறார். அது வரையறைக்குள் வரவில்லை.

இதற்கு ஒரு பின்னணி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பார்க்கின்சன் ஹாக்ஸ்டனில் இருந்த தனியார் பைத்தியக்கார விடுதி ஒன்றிலும் மருத்துவராகப் பணியாற்றியவர். யாரை அடைக்கலாம் என்று சான்றிதழ் எழுதுகிற இடம் அது. அப்படி எழுதிய சான்றிதழ் ஒன்று சர்ச்சையானதை அடுத்து, அவ்விடுதிகளுக்கான சட்டம் பற்றி 1811இல் ஒரு பிரசுரமே வெளியிட்டார். 'புத்தி பழுதானவர்' என்று ஒரு தாளில் எழுதினால் ஒரு மனிதருக்கு என்ன நேரும் என்பதை நேரில் அறிந்தவர். 'இவர்கள் நடுங்குகிறார்கள், ஆனால் பைத்தியமில்லை' என்று அவர் சொன்னதில் ஒரு காப்பாற்றுதலும் இருந்திருக்கலாம். இது என் ஊகம்தான். எப்படியானாலும் விளைவு ஒன்றுதான். நடுக்கம் ஒரு பக்கமும் மனம் ஒரு பக்கமுமாகக் கோடு விழுந்துவிட்டது.

3

கோட்டைத் தாண்டிப் பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. பாரிஸின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் இந்நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரைச் சூட்டிய ஷார்கோ, மனத் திறன்களும் ஒரு கட்டத்தில் பாதிக்கப்படுவதைச் சொன்னார். 1880களின் தொடக்கத்தில் அதே நகரத்தில் பென்ஜமின் பால் என்ற மருத்துவர், நடுக்குவாதத்தோடு வரும் மனப்பிறழ்வைப் பற்றித் தனியாகவே எழுதினார். பாடநூல்களில் நிலைத்தது என்னவோ 1817இன் வரையறைதான்.

முதல் உலகப்போரை ஒட்டி மூளையழற்சி நோய் ஒன்று உலகமெங்கும் பரவியது. வியன்னாவில் ஃபான் எகோனோமோ 1917இல் அதை விவரித்தார். பிழைத்த பெரியவர்கள் பலர் வருஷக்கணக்கில் சிலைபோல உறைந்தார்கள். பிழைத்த குழந்தைகள் சிலரோ வேறு மாதிரி ஆனார்கள். சாதுவாக இருந்த பிள்ளை திருடியது, பொய் சொன்னது, அடித்தது. பெரியவர்களை நோயாளி என்றார்கள், குழந்தைகளைக் கெட்டுப்போனவர்கள் என்றார்கள். ஒரே நோய் மிச்சம் வைத்துப்போன இரண்டு தழும்புகள் இவை. பிற்பாடு 1940களில் உளப்பகுப்பாய்வாளர் சிலர் வேறொரு கதை கட்டினார்கள். ஆசைகளை அடக்கி, ஒழுக்கத்தில் விறைத்துப்போனவர்களுக்குத்தான் இந்நோய் வருகிறது என்றார்கள். அப்போதும் குணம்தான் குற்றவாளி.

தமிழ் படித்தவன் என்கிற முறையில் இங்கே எனக்கு மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வருகிறது. உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்பட்டே தீரும் என்ற நம்பிக்கையின் மேல் எழுந்தது நம் கவிதையியல். எண்வகை மெய்ப்பாடுகளுக்கு அப்பால் தொல்காப்பியர் தரும் இன்னொரு பட்டியலில் துஞ்சல், கனவு, மடிமை, கையாறு எல்லாம் வருகின்றன. அந்தப் பட்டியலின் கடைசிச் சொல் 'நடுக்கு'. சோர்வும் செயலறுதலும் நடுக்கமும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. இதைச் சொன்னவுடன் 'பார்த்தீர்களா, எல்லாம் நம்மிடமே இருந்தது' என்று கிளம்ப வேண்டாம். தொல்காப்பியர் பேசுவது இலக்கியத்தை, நோயை அல்ல. உடலையும் மனத்தையும் இரண்டாக வெட்டாத ஒரு பேச்சுமுறை சாத்தியம் என்பதற்கு மேல் அதிலிருந்து எதையும் எடுக்க முடியாது.

சொல்லப்போனால் இந்நோய் மெய்ப்பாட்டியலையே கவிழ்த்துப் போடுகிறது. முகத்தின் தசைகள் இறுகி, கண் இமைப்பது குறைந்து, முகம் ஒரு முகமூடியாகிவிடுகிறது. உள்ளே சிரிப்பு இருந்தாலும் வெளியே வராது. பார்ப்பவர்கள் 'திமிர்' என்கிறார்கள், 'ஒட்டுதல் இல்லை' என்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில், உள்ளே உண்மையிலேயே துக்கம் மண்டிக் கிடந்தாலும் 'அது முகம் அப்படித்தான்' என்று மருத்துவர் கடந்துபோய்விடலாம். என் அப்பாவின் முகத்தில் நான் வாசித்த 'தலைமுறைத் தோல்வி' தசை இறுக்கமா, மனச்சோர்வா, அரசியல் துயரமா? மூன்றுமாகவும் இருக்கலாம். ஒரு முகத்தைப் பிரதியாக வாசித்த நான், அந்த முகத்துக்கு உரியவரை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்பதுதான் இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம்.

4

கோடு அழியத் தொடங்கியதில் இரண்டு செடிகளுக்குப் பங்கு உண்டு. இரண்டுமே நம் மண்ணில் வளர்பவை.

முதலாவது சர்ப்பகந்தி. 1931இல் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் இதன் வேர் ரத்த அழுத்தத்துக்கும் பைத்தியத்துக்கும் பயன்படுவதாக எழுதினார்கள். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அதிலிருந்து ரெசர்பைனைப் பிரித்தெடுத்தது. உலகமெங்கும் கொடுக்கப்பட்டது. கொஞ்ச காலத்தில் இரண்டு புகார்கள் வந்தன. சாப்பிட்ட சிலருக்குத் தாங்க முடியாத மனச்சோர்வு வந்தது. சிலருக்குக் கை கால் விறைத்து, நடுக்குவாதம் வந்தவர்களைப் போல ஆனார்கள். சுவீடனின் அர்வித் கார்ல்சன் 1957இல் முயல்களுக்கு ரெசர்பைன் கொடுத்தார். அவை காது தொங்கி அசைவற்றுக் கிடந்தன. லெவோடோபா என்ற பொருளை ஊசியில் ஏற்றியதும் எழுந்து நடமாடின. மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் இடம் இப்படித்தான் தெரியவந்தது. 1960இல் வியன்னாவில் ஏரிங்கரும் ஹார்னிகீவிச்சும், இந்நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமைன் வற்றியிருப்பதைக் கண்டார்கள். 1967இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் லெவோடோபாவைப் பெரிய அளவில் கொடுத்து, முடங்கியவர்களை நடக்கவைத்தார். கார்ல்சனுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாவது பூனைக்காலி. நம் பக்கத்து வேலிகளில் படர்ந்து, காயின் சுணை பட்டால் அரிப்பெடுக்கச் செய்யும் அதே கொடிதான். 1937இல் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் அதன் விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். டோபமைனின் வேலை தெரியவர இன்னும் இருபது வருஷம் இருந்தது. மூளையின் கதையில் சேப்பாக்கத்துக்கு ஒரு வரி இருக்கிறது என்பது நமக்கே பெரும்பாலும் தெரியாது.

சித்த மருத்துவத்தில் பூனைக்காலி விதைக்கு முக்கியமான பெயர் ஆண்மை பெருக்கி என்பது. லெவோடோபா புழக்கத்துக்கு வந்த சில வருஷங்களிலேயே மேற்கத்திய மருத்துவர்கள் ஒரு விஷயத்தைத் தயங்கித் தயங்கிக் குறித்தார்கள். சில நோயாளிகளிடம் கட்டுக்கடங்காத காம வேட்கை, சிலரிடம் மாயக்காட்சி, சந்தேகம், எல்லை மீறிய உற்சாகம். சர்ப்பகந்தி கையையும் மனசையும் சேர்த்தே அணைத்தது. லெவோடோபா இரண்டையும் சேர்த்தே ஏற்றியது. நடுக்கம் தனி, மனம் தனி என்ற 1817இன் கோடு வேதியியலில் செல்லுபடியாகவில்லை.

நடைமுறைக்கும் ஒன்று. 'மூலிகைதானே, பக்கவிளைவு கிடையாது' என்று பூனைக்காலிப் பொடியை விற்கிறார்கள். அதில் இருப்பதும் லெவோடோபாதான். மாத்திரை செய்வதையெல்லாம் அதுவும் செய்யும். மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் அளவு என்ன என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

5

இந்த இடத்தில் நம்மில் பலருக்கு ஒரு சந்தேகம் எழும். எனக்கும் எழுந்தது. நடத்தையை மூளையின் கணக்கில் எழுதிவிட்டால் அப்புறம் நடத்தையைத் திருத்த மூளையில் கை வைப்பார்களே? ஃபூக்கோவின் 'பைத்தியத்தின் வரலாறு' (1961) தொடங்கி நாம் படித்ததெல்லாம் இந்த எச்சரிக்கையைத்தானே சொன்னது? இது வெறும் கோட்பாட்டுப் பயம் அல்ல. சென்னையிலேயே நடந்திருக்கிறது.

இந்திய நரம்பு அறுவையியலின் முன்னோடிகளான பி.ராமமூர்த்தி, வி.பாலசுப்ரமணியம், டி.எஸ்.கனகா ஆகியோர் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றியவர்கள். கனகா இந்தியாவின் முதல் பெண் நரம்பு அறுவை மருத்துவர். மண்டையில் சட்டகம் பொருத்தி, மூளைக்குள் ஒரு புள்ளியைக் கணக்கிட்டு, அதை மட்டும் சுட்டழிக்கும் முறையை அறுபதுகளில் இங்கே வளர்த்தார்கள். நடுக்கத்தை நிறுத்துவது அதன் முதன்மையான பயன்களில் ஒன்று. மருந்து வராத காலத்தில் நடுங்கிய கை மேசையிலேயே அடங்கியதைப் பார்த்தவர்களுக்கு அது எத்தனை பெரிய விடுதலை என்று தெரியும்.

அதே சட்டகம் அடுத்து வேறு இடத்தை நோக்கித் திரும்பியது. டோக்கியோவில் நடுக்குவாத அறுவையின் முன்னோடியான நராபயாஷி, 1963இல் அமிக்டலா என்ற மூளைப் பகுதியை அழித்து நடத்தைக் கோளாறுகளைச் சீர்செய்வது பற்றி எழுதினார். சென்னைக் குழு அதைப் பின்தொடர்ந்தது. ஓயாமல் ஓடும் குழந்தைகள், தாக்குகிறவர்கள், பொருட்களை உடைக்கிறவர்கள் அறுவைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 1969–70 வாக்கில் இதற்குப் பாலசுப்ரமணியமும் சகாக்களும் 'அமைதிப்படுத்தும் நரம்பு அறுவை' என்ற பொருளில் ஒரு பெயரும் சூட்டினார்கள். நோயாளியை அமைதியானவராகவும் கையாளத்தக்கவராகவும் ஆக்குவதே அதன் இலக்கு என விளக்கினார்கள். 1988இல் ராமமூர்த்தி வெளியிட்ட கணக்கில் இத்தகைய அறுவைகள் அறுநூறுக்கும் மேல்.

இவர்களை வில்லன்களாக்குவது சுலபம், நேர்மையானது அல்ல. சங்கிலியில் கட்டி வைக்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் கைகூப்பி நின்ற காலம் அது. ஆனால் 'கையாளத்தக்கவர்' என்ற சொல்லில் யாருடைய கை பேசுகிறது என்பதைக் கேட்காமல் விடவும் முடியாது. நடுங்குகிற கைக்கு உரியவர் தன் கை அடங்க வேண்டும் என்று தானே கேட்டார். அடங்காத பிள்ளை எதையும் கேட்கவில்லை. அதற்காக மற்றவர்கள் கேட்டார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்கான மூளை அறுவைக்குச் சம்பந்தப்பட்டவரின் ஒப்புதலும் வாரியத்தின் அனுமதியும் வேண்டும் என்கிறது. சங்கிலியையும் அது தடைசெய்கிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் தீயில் வெந்த பிறகும் பதினாறு வருஷம் தேவைப்பட்டது இதைச் சொல்ல.

திருச்சிக்காரர்களுக்குச் சங்கிலிக்கும் கத்திக்கும் வெளியே இன்னொரு இடம் தெரியும்: காவிரியின் வடகரையில் குணசீலம். குணம், சீலம் இரண்டும் பெயரிலேயே இருக்கின்றன. மனம் சரியில்லாதவர்கள் ஒரு மண்டலம் தங்க, உச்சிகாலத்திலும் அர்த்தசாமத்திலும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். ஏர்வாடிக்குப் பிறகு அங்கே உரிமம் பெற்ற மறுவாழ்வு மையமும் வந்தது. அத்தை அப்பாவை அங்கே கூட்டிப்போனார். நான் சண்டை போட்டேன். 'நீ மட்டும் என்னத்தக் கிழிச்ச? அவன் சூதாடுறான்னு பேசாம இருக்க. நான் அவன் மனசு சரியில்லன்னு நம்புறேன்' என்றார் அத்தை. தீர்த்தம் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் அதை நோய் என்று முதலில் சொன்னவர் எழுதப் படிக்கத் தெரியாத அத்தைதான். பகுத்தறிவு பேசிய நான் அதுவரை குணம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

6

அத்தை சொன்னது ஏதோ உறுத்த, கொஞ்ச நாள் கழித்து வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர் மாத்திரைச் சீட்டைப் பார்த்தார். பிறகு எங்களில் யாரையும் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துக் கேட்டார்: 'அய்யா, சீட்டாட்டம், லாட்டரி, தேவையில்லாம சாமான் வாங்குறது, இப்படி எதையாவது நிறுத்த முடியாம செய்யணும்னு தோணுதா?' அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் அழுதார். முகம் அசையவில்லை, கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வந்தது.

அப்பா சாப்பிட்ட மருந்துகளில் ஒன்று பிராமிபெக்சோல். டோபமைனைப் போல நடித்து மூளையை ஏமாற்றும் வகையைச் சேர்ந்தது. நோயில் முதலில் அழிவது அசைவுக்கான பாதை. ஆசைக்கும் பரிசுக்குமான பாதை அந்த அளவு அழிவதில்லை. அசைவுக்குப் போதுமான மருந்து ஆசைக்கு அதிகமாகிவிடுகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 46 மையங்களில் 3,090 நோயாளிகளிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாக்கியது. இவ்வகை மருந்து சாப்பிட்டவர்களில் 17.1 விழுக்காட்டினரிடம் சூது, காமம், பொருள் வாங்குதல், தின்னுதல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று கட்டுமீறியிருந்தது. சாப்பிடாதவர்களிடம் அது 6.9 விழுக்காடு. மருந்தை ஒரேயடியாக நிறுத்தினாலும் ஆபத்து. பதற்றமும் மனச்சோர்வும் பிடித்துக்கொள்ளும், அசைவும் நின்றுபோகும். மருத்துவரின் கண்காணிப்பில் மெல்ல மெல்லத்தான் இறக்க வேண்டும். அப்பாவுக்கு அப்படித்தான் இறக்கினார்கள். சில வாரங்களில் ரம்மி நின்றது. பழைய சோர்வு திரும்பி வந்தது. இந்த முறை அதையும் நோய் என்று பார்த்து, மருந்து கொடுத்தார்கள்.

சோர்வும் ஓரத்து விஷயமல்ல. இந்நோய் கண்டவர்களில் மூவரில் ஒருவருக்காவது கவனிக்கத்தக்க மனச்சோர்வு இருக்கிறது. பல பேருக்கு அது நடுக்கத்துக்கு வருஷக்கணக்கில் முன்பே வருகிறது. எதிலும் பிடிப்பின்மை, காரணமற்ற பதற்றம், இல்லாத குழந்தைகளும் பூனைகளும் அறையில் நடமாடுவதாகக் காண்பது, மனைவியைச் சந்தேகிப்பது எல்லாமே இந்த வரிசையில் உண்டு. அப்பா தூக்கத்தில் உதைத்தாரே, அதற்கும் பெயர் இருக்கிறது. கனவில் செய்வதை உடம்பும் செய்துவிடும் அந்தக் கோளாறு கண்ட 29 ஆண்களில் 11 பேருக்குப் பிற்பாடு நடுக்குவாதம் வந்ததை அமெரிக்காவின் ஷென்க்கும் மஹோவால்டும் 1996இல் எழுதினார்கள். அம்மா அறை மாறிப் படுத்தபோதே நோய் வீட்டுக்குள் வந்துவிட்டிருந்தது.

ஆக, 'குணக்கேடு' என்பதை அடித்துவிட்டு 'டோபமைன்' என்று எழுதிவிட்டால் முடிந்ததா? இல்லை என்று சொன்னவள் அம்மா. 'நோயின்னு சொன்னா மட்டும் என் தாலிக்கொடி திரும்பி வந்துருமா?' என்று கேட்டாள். இந்தக் கேள்விக்கு மருத்துவத்திடமும் பதில் இல்லை, நம் கோட்பாடுகளிடமும் பதில் இல்லை. இருநூறு வருஷ வரலாற்றில் பார்க்கின்சன் இருக்கிறார், ஷார்கோ இருக்கிறார், முயல்கூட இருக்கிறது. மாத்திரை நேரத்தை நோட்டில் குறித்துக்கொண்டு, ராத்திரி உதை வாங்கி, வயதான காலத்தில் நடத்தையைச் சந்தேகிக்கப்பட்டு, வேட்கை மிகுந்த கணவனைப் பற்றி யாரிடமும் வாய்திறக்க முடியாமல் கிடந்த பெண்கள் இல்லை. கோட்டின் இந்தப் பக்கம் நடந்ததையெல்லாம் பார்த்தவர்கள் அவர்கள்தான். யாராவது 1817லேயே அந்த ஆறு பேரின் வீட்டுப் பெண்களைக் கேட்டிருந்தால் வரையறை வேறு மாதிரி இருந்திருக்கும்.

7

நோய் என்பது ஒரு சொல்லாடல் என்று நானும் எழுதியவன். அதை இப்போதும் மறுக்கவில்லை. எதை நோய் என்பது, எதை ஒழுக்கம் என்பது என்ற முடிவு அதிகாரத்தோடு சம்பந்தப்பட்டதுதான். ஆனால் நம் சந்தேகம் ஒரு பக்கமாகவே பாய்ந்தது. மருத்துவர் 'நோய்' என்றால் உடனே சந்தேகப்பட்டோம். ஊரும் அமைப்பும் 'குணம்' என்று சொன்னபோது அதுவும் ஒரு சொல்லாடல் என்று நமக்கு உறைக்கவில்லை. சென்னைக் கத்தியின் வரலாறு முதல் சந்தேகத்தை நியாயப்படுத்துகிறது. என் அப்பாவின் விசாரணை இரண்டாவது சந்தேகத்தைக் கேட்கிறது.

செய்யக்கூடியவை பெரிய விஷயங்கள் அல்ல. இந்த மருந்துகளை எழுதுகிறபோதே மருத்துவர் சூது, காமம், செலவு பற்றி நோயாளிக்கும் வீட்டாருக்கும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் கை நடுக்கத்தைக் கேட்பதுபோல மனசையும் கேட்க வேண்டும். கூட வருகிற பெண்ணிடம் தனியாகப் பேச வேண்டும். அமைப்புகள், பல வருஷம் ஒரு மாதிரி இருந்தவர் திடீரென்று வேறு மாதிரி ஆனால், விசாரணைக்கு முன் 'உடம்புக்கு என்ன தோழர்?' என்று கேட்க வேண்டும்.

அமைப்புக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். அந்த வார்த்தையைப் பதிவேட்டிலிருந்து நீக்கக் கேட்டு, ஆடியது அவரல்ல, மாத்திரை என்று எழுதியிருந்தேன். அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அந்த வரியை எடுக்கச் சொன்னார். 'ஆடுனது நாந்தாம்ப்பா. ஆனா நான் மட்டும் ஆடல. அப்படி எழுது' என்றார். அப்படியே எழுதினேன். கீழே தன் கையெழுத்தை அவரே போட்டார். கடுகளவு இருந்தது, ஆனால் படிக்க முடிகிறது. கடிதம் போய் எட்டு மாசம் ஆகிறது. பதில் வரவில்லை.